சப்ளையர் பெயர் முனிரத்தினம்

அலுமினியம் இல்லை அண்ணே. எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நிறம் அந்த மாதிரி இருப்பதால் தோன்றுகிறது. இது டைட்டானியம். அலுமினியமாக இருந்தால் இத்தனை நாள் வியர்வைக்கு மாவு பூத்த மாதிரி வெள்ளையாகியிருக்கும்.

கழற்றிக் கொடுக்க மாட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டுமானால் என் கையைப் பிடித்துப் பாருங்கள். கனம் தெரிகிறதா? தெரியாது. முதல் வாரம் முழுக்க, கட்டியிருக்கிறோமா, எங்கேயாவது விட்டுவிட்டோமா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். நான் சும்மா "வாங்குங்க, சூப்பரா இருக்கும்" என்று சொல்லிவிட மாட்டேன். பதினாலு மாதமாகக் கட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். ஆறேழு வருடம் ஓடுமா என்றால், தெரியாது. பதினாலு மாதம் ஓடியிருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

விலை குறைந்த டைட்டானியம் வாட்ச்சில் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது பின்மூடி. முன்னால் டைட்டானியம் என்று எழுதியிருப்பார்கள், பின்மூடியை மட்டும் ஸ்டீலில் போட்டிருப்பார்கள். தோலில் படுவது பின்மூடிதானே. இதில் பின்மூடியும் டைட்டானியம். அடுத்தது செயின். அதுவும் சரி. கொக்கி சுமார்தான். மெல்லிய தகட்டை மடித்துப் பண்ணியது, இரண்டு முறை தானாகத் திறந்துகொண்டது. கீறல் விழுமா என்றால், விழும். துருப்பிடிக்காத உலோகம் என்றால் கீறலும் விழாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதோ, இது இந்த மாதிரி ஒரு பஸ் ஜன்னல் கம்பியில் உரசியது. இது லேப் மேசை விளிம்பில். கண்ணாடி சாதாரணக் கண்ணாடி, நாலு மணி எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சில்லு தெறித்திருக்கிறது பாருங்கள். இருட்டில் முள் தெரியாது. மாதத்துக்கு எட்டு செகண்ட் வேகமாக ஓடும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு வாட்ச் கட்டினால் அரிக்குமா? இல்லையா? அப்படியென்றால் உங்களுக்கு எதுவும் சரிதான் அண்ணே. எனக்கு அரிக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே பெல்ட் பக்கிள் படுகிற இடத்தில் வட்டமாகச் சிவந்துவிடும். ஸ்டீல் வாட்ச் கட்டினால் இரண்டே நாளில் தோல் தடித்து நீர் வடியும். ஸ்டீலில் நிக்கல் கலந்திருக்கும், அது ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். டைட்டானியத்தில் அது கிடையாது. அதற்காகத்தான் இதைத் தேடி வாங்கியிருக்கிறார்கள்.

நான் வாங்கவில்லை. மாமனார் வாங்கினது.

மாமனார் என்று சொல்லக் கூடாது. ஆகியிருக்க வேண்டியவர்.

இல்லை அண்ணே, சொல்கிறேன். கிருஷ்ணகிரி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் கேட்டது வாட்ச்சைப் பற்றி. அதைச் சொன்னால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் பெயர் மாதேஷ். ஓசூரில் ஒரு கம்பெனி லேபில் வேலை. வெளியிலிருந்து வருகிற கம்பி, தகடு, போல்ட் எல்லாம் சொன்ன உலோகத்தில்தான் செய்திருக்கிறார்களா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மூட்டை தூக்குகிறார். அம்மா கையெழுத்து மட்டும் போடுவாள். மாத்திரை அட்டையில் தேதி முடிந்துவிட்டதா, கேஸ் சிலிண்டர் சீல் உடைந்திருக்கிறதா, பத்திரத்தில் சர்வே நம்பர் சரியா, எல்லாம் ஏழாம் வகுப்பிலிருந்து நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பார்க்காமல் விட்டால் வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

காலேஜ் முடித்ததும் சென்னையில் ஒரு ஏஜென்சி எனக்கு அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுத்தது. சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது. அப்பாவும் என்னோடு வந்தார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. கம்பெனி கேட்டில் இருந்த வாட்ச்மேன் லெட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த மாசத்துல நீங்க பதினொண்ணாவது ஆளுப்பா" என்றார். அப்பா அவரிடம், "நல்லாப் பாருங்க சார், சீல் இருக்குது" என்று காட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனிமேல் எதையும் பார்க்காமல் வாங்குவதில்லை என்று. அது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

பெண் வீடு காவேரிப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பெண்ணின் அப்பா முனிரத்தினம், பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். காலையில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று வால்வு திருப்பிவிடுவது, தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவது, இதெல்லாம் அவர் வேலை. பெண் கோகிலவாணி. லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை சென்டரில் இருந்தாள். இரண்டு பேரும் லேப். எனக்கு அதுவே பெரிய பொருத்தமாகத் தோன்றியது.

பெண் பார்க்கப் போன அன்று பத்து நிமிஷம் தனியாகப் பேசச் சொன்னார்கள். கொல்லைப்புறத்தில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றோம். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. மறைத்துவிட்டுப் பிறகு தெரியக் கூடாது என்று என்னிடம் இருக்கிற குறையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். கீழ்த்தாடையில் ஒரு பல் கட்டியது, கண்ணாடி பவர், ரத்தத்தில் கொஞ்சம் கொழுப்பு, ராத்திரி பல்லைக் கடிப்பேன், நிக்கல் ஒத்துக்கொள்ளாது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்தீங்களா, செகண்ட் ஹேண்ட் வண்டி விக்க வந்தீங்களா?" என்றாள்.

"உண்மையைச் சொல்லிடறது நல்லதுன்னு..."

"சொல்லுங்க, சொல்லுங்க. ஹார்ன் அடிக்குமா?"

அண்ணே, அந்த மாதிரி யாரும் என்னைக் கிண்டல் பண்ணினது கிடையாது. பண்ணினால் எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்தது.

அவள் நிக்கல் விஷயத்தை மட்டும் மறக்கவில்லை. ஆவணியில் நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச் போடுவது வழக்கம்தானே. அந்த வாட்ச்தான் இது. எல்லார் முன்னாலும் முனிரத்தினம் மாமாவே என் கையைப் பிடித்துக் கட்டிவிட்டார். அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும், பிளீச்சிங் பவுடர் அள்ளி அள்ளி. கொக்கியை மாட்டிவிட்டு என் காதருகே குனிந்து, "அரிக்காது மாப்ள. தைரியமாக் கட்டுங்க" என்றார்.

கடைக்காரன் சொன்னதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடைக்காரன் சொல்வதை நம்பியா வாங்கினார் என்று எனக்குள் ஒரு பயம். விலை குறைந்த வாட்ச் என்பது பார்த்ததும் தெரிந்தது. விலையைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. ஏமாற்றியிருப்பார்களோ என்பதுதான். அந்த மனுஷன் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் அப்பா அந்த கேட்டில் நின்ற மாதிரியே இருந்தது எனக்கு. அவரை யாரோ ஏமாற்றியிருந்தால் நான்தானே பார்த்துச் சொல்ல வேண்டும்?

திங்கட்கிழமை லேபுக்குக் கொண்டுபோனேன். எங்களிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறது. கன் என்றுதான் சொல்வோம். பொருளின் மேல் வைத்து விசையை அழுத்தினால் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று திரையில் வந்துவிடும். என்னோடு வேலை பார்க்கிற யூசுப் பார்த்துவிட்டான்.

"டேய், மாமனார் குடுத்ததையா சுடுற?"

"சும்மா பாக்கறேன்டா."

"நாளைக்குக் கல்யாணத்துல பாயசம் வெச்சா அதையும் டப்பாவுல ஊத்திட்டு வருவியா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். பின்மூடியில் வைத்து அழுத்தினேன். தொண்ணூற்று ஒன்பது சதவீதத்துக்கு மேல் டைட்டானியம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? செயினில் ஐந்து கண்ணிகளில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். கண்ணிக்குள் இருக்கிற ஊசி மட்டும் ஸ்டீல், அது தோலில் படாது. யாரும் அவரை ஏமாற்றவில்லை.

அதோடு வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று யூசுப் இன்றுவரை சொல்கிறான். அவன் அரைகுறையாக வேலை பார்க்கிறவன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கொக்கியில் மெல்லிய கோடுகள் இருந்தன. புது வாட்ச்சில் இருக்கக் கூடாத கோடுகள். செயின் வாட்ச் கூட்டோடு சேருகிற இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கன்னை வைத்தேன். கால்சியம், கொஞ்சம் குளோரின். அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. ஏற்கெனவே யாரோ கட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ரிப்போர்ட் எழுதினேன். எழுதாவிட்டால் சோதித்ததற்கு என்ன அர்த்தம்? கம்பெனியின் படிவத்தில்தான் எழுதினேன், வேறு படிவம் என்னிடம் இல்லை. அதில் பொருளின் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். வாட்ச் என்று போட்டேன். சப்ளையர் பெயர் என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. முனிரத்தினம் என்று போட்டேன். குறிப்பு என்கிற கட்டத்தில், "முன்பு பயன்படுத்திய அறிகுறிகள் உள்ளன" என்று எழுதினேன். கடைசியில் முடிவு. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கலாம், நிராகரிக்கலாம், இல்லையென்றால் குறையோடு ஏற்கலாம். குறை இருக்கிறது, ஆனால் நமக்கு உபயோகப்படும், அனுசரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதுதானே உண்மை?

எல்லாம் ஆங்கிலத்தில்தான். கோகிலவாணிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பாஸாகிவிட்டது என்று அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளும் தினமும் ரிப்போர்ட் பார்க்கிறவள்தானே. நான்தான் போனும் போட்டேன்.

"பாத்தியா? தொண்ணூத்தொம்பது பர்சன்ட்" என்றேன்.

"சப்ளையர்னு அப்பா பேரு போட்டிருக்கு" என்றாள்.

"அது ஃபார்மட். விடு. பில் இருக்குதா உங்ககிட்ட?"

"எதுக்கு?"

"ஏழு நாளைக்குள்ள குடுத்தா மாத்திக்குடுப்பாங்க. யாரோ கட்டுனதை உங்க அப்பா தலையில கட்டிட்டாங்க. ஏமாந்துட்டாரு பாவம்."

"யாரும் ஏமாத்தல."

"கோடு இருக்குது கோகிலா. மிஷின் பொய் சொல்லாது."

அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. அப்புறம் சொன்னாள். "அப்பாதாங்க கட்டியிருந்தாரு. பன்னெண்டு நாளு. அவருக்கும் ஸ்டீல் ஆகாது. உங்களுக்கு இருக்கிற அதே அரிப்பு. வாட்ச் வாங்கினதும், எனக்கு அரிச்சா மாப்பிள்ளைக்கும் அரிக்கும், மொதல்ல நான் கட்டிப் பாக்கறேன்னாரு. வால்வுக் குழியில இறங்கறப்பவும் கழட்டல. பிளீச்சிங் கலக்கறப்பவும் கழட்டல. மாப்பிள்ளை ஃபேக்டரில வேர்வையில நிப்பாரு, அதுக்குத் தாங்கணும்ல, அப்படின்னாரு. தெனமும் சாயந்திரம் வெந்நீர்ல பல்லு தேய்க்கிற பிரஷ்ஷை வெச்சுத் துடைச்சாரு. நிச்சயத்துக்கு முந்தின நாள் ரெண்டு மணி நேரம் துடைச்சாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. கட்டுனதைக் குடுத்தோம்னு நெனச்சுக்குவீங்கன்னு."

கால்சியம், குளோரின். பிளீச்சிங் பவுடர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெமிஸ்ட்ரியில் எண்பத்தெட்டு வாங்கினவன் நான்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பதினாலு மாதமாக யோசிக்கிறேன். அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியா? அப்ப அந்தக் குறிப்பை மாத்திடறேன். திருத்தின ரிப்போர்ட் ஒண்ணு அனுப்பறேன்" என்றேன்.

சிரிக்காதீர்கள் அண்ணே. சிரியுங்கள், பரவாயில்லை.

அவள் சிரிக்கவில்லை. "நானும் டெஸ்ட் பண்றவதாங்க" என்றாள். "கையை நீட்டுறவங்களைத்தான் நான் குத்துவேன்." போனை வைத்துவிட்டாள்.

திருத்திய ரிப்போர்ட்டை அன்று சாயந்திரமே போட்டேன். முன்பு பயன்படுத்திய அறிகுறிகள் என்பதை எடுத்துவிட்டு, "சப்ளையர் தம் தரப்பில் பன்னிரண்டு நாள் சோதனை செய்துள்ளார்" என்று எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். கோடுகள் இருப்பது இருப்பதுதான், அதனால் முடிவை மட்டும் மாற்ற முடியவில்லை. குறையோடு ஏற்கலாம். இதை நேராக மாமாவுக்கே அனுப்பினேன். அவர் பட்ட பாட்டை நான் புரிந்துகொண்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் அனுப்பினேன்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மகளிடம் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை ஏதோ பெருமையாக அனுப்பியிருக்கிறார் என்று போனைப் பஞ்சாயத்து ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே கிளார்க் ஒருவன், அவன்தான் எல்லாவற்றுக்கும் காரணம், அதைச் சத்தமாகத் தமிழில் படித்துச் சொல்லியிருக்கிறான். பத்துப் பேர் இருக்கிற இடத்தில். சப்ளையர் பெயர் முனிரத்தினம். முடிவு, குறையோடு ஏற்கலாம். "வாட்ச்சையா, பொண்ணையா?" என்று ஒருத்தர் கேட்டாராம். அந்தக் கிளார்க் கொஞ்சம் மெதுவாகப் படித்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்கும்.

அப்புறம் ஒரு வாரம் அவர் எந்தத் தெருவில் வால்வு திறந்தாலும் கேட்பார்களாம். "என்ன சப்ளையரே, தண்ணியை மாப்பிள்ளைகிட்ட டெஸ்டுக்கு அனுப்பியாச்சா? குடிக்கலாமா?" அவர் திறந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாராம். இதை எனக்குச் சொன்னவள் கோகிலவாணி. அதுதான் அவள் கடைசியாகப் பேசினது.

"கோவம் இல்லைங்க" என்றாள். "நீங்க கெட்டவர் இல்ல. எனக்குத் தெரியும். ஆனா வாழ்நாள் பூரா தெனமும் உங்ககிட்ட பாஸாகிட்டிருக்க என்னால முடியாது."

"உன்னை நான் எப்பக் குறை சொன்னேன்?"

"இன்னும் பாக்கலையே."

நான் சொன்னேன், அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று. "அதாங்க" என்றாள்.

அதாங்க என்றால் என்ன அர்த்தம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புரட்டாசி பிறக்கும் முன்பே பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, நிச்சயத்தை முறித்துச் சீரைத் திருப்பிக்கொண்டார்கள். நாங்கள் வைத்த புடவை வந்தது. அவர்கள் போட்ட மோதிரம் போனது. அம்மா அன்று முழுக்க அந்தப் புடவையை மடித்து மடித்து வைத்தாள். "என்னடா எழுதின அந்தப் பேப்பர்ல?" என்றாள். சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. "அழிச்சிட்டு வேற எழுத முடியாதா? பென்சில்ல எழுதியிருக்கக் கூடாதா சாமி?" என்றாள்.

வாட்ச்சையும் எங்கள் தாய்மாமா மோதிரத்தோடு எடுத்துக்கொண்டுதான் போனார். திரும்பி வரும்போது வாட்ச் அவர் பையிலேயே இருந்தது. முனிரத்தினம் மாமா வாங்கவில்லையாம். "அது அந்தத் தம்பி கைக்கு ஒத்துப்போச்சு. வேற எது வாங்கினாலும் அரிக்கும். இருக்கட்டும், அவரே கட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

அன்றிலிருந்து கட்டியிருக்கிறேன். அரிக்கவில்லை அண்ணே. ஒரு நாள்கூட அரிக்கவில்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பதினாலு மாதம் ஏன் அவர்களைப் பார்க்கப் போகவில்லை என்று கேட்பீர்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்தேன். எழுதினால் மறுபடி ரிப்போர்ட் மாதிரியே வருகிறது. போன வாரம்தான் துணிந்தேன். நேராகப் போய் அவர் முன்னால் நின்றுவிடுவது. கோகிலாவுக்கு இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றால் இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பது. அவ்வளவுதான் திட்டம். இன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கிருந்துதான் வருகிறேன்.

வீட்டுக்குப் போகவில்லை. தொட்டிக்குத்தான் போனேன். அவர் வால்வுக் குழியை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"வாங்க மாப்ள" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாங்க தம்பி."

என் கையைப் பார்த்தார். "அரிக்கலையே?"

"இல்லைங்க."

"மழைக்காலத்துல?"

"அப்பவும் இல்லைங்க."

"நல்லது" என்றார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அண்ணே பார்த்தேன். அவர் கையில் ஒரு வாட்ச் இருந்தது. அவருக்கு ஸ்டீல் ஆகாது, வாட்ச் கட்டுகிற பழக்கமே கிடையாது, மேல்சட்டைப் பையில் இருக்கிற செல்போனில்தான் மணி பார்ப்பார். பளபளவென்று வாட்ச். கண்ணாடி மேல் ஒட்டின பிளாஸ்டிக் தாளை இன்னும் பிரிக்கவில்லை. பட்டைக்குக் கீழே அவர் தோல் சிவந்து தடித்திருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கையை மறைக்கப் போனவர், மறைக்கவில்லை.

"கோகிலாவுக்குத் தையில வெச்சிருக்கு" என்றார். "பையன் டவுன்ல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கான். இதுவும் ஒரு வாரமாக் கட்டிப் பாக்கறேன். எனக்கு அரிக்குது. அந்தப் பையனுக்கு அந்தத் தொந்தரவு இல்ல, எந்த வாட்ச்சும் ஆகும். ஓடுதா நிக்குதான்னு பாத்தாப் போதும்."

நான் வந்த காரணத்தை எப்படிச் சொல்வது அண்ணே? சொல்லவில்லை.

அவர் அதைக் கழற்றினார். என்னிடம் நீட்டினார். "நீங்க வந்தது நல்லதாப் போச்சு. உங்களுக்கு இதெல்லாம் தெரியும். பாத்துச் சொல்லுங்க. நல்லா உழைக்குமா?"

கையில் வாங்கினேன். அவர் கைச் சூடு அதில் இருந்தது. கன் தேவையே இல்லை. பித்தளை மாதிரி ஏதோ மட்ட உலோகத்துக்கு மேலே முலாம். பின்மூடி ஓரத்தில் இப்போதே மஞ்சள் தெரிகிறது. சாவி கொடுக்கிற குமிழ் ஆடுகிறது. தண்ணீர் உள்ளே போகும். ஆறு மாதம். அதிகம் போனால் எட்டு. கடைக்காரன் இந்தத் தடவை நிஜமாகவே அவரை ஏமாற்றியிருக்கிறான். மாற்றச் சொல்லி இன்றைக்கே அவரைக் கடைக்கு அனுப்பியிருக்கலாம்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா."

அவர் முகம் எப்படித் தெளிந்தது தெரியுமா? "நீங்க சொன்னாச் சரிதான். நீங்க சும்மா சொல்ல மாட்டீங்க" என்றார்.

என் வேலையில் நான் இதுவரை தப்பாக ஒரு ரிசல்ட் கொடுத்ததில்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்றைக்குக் கொடுத்தேன். அவர் மனசு நோகக் கூடாது என்று சொன்னேனா? கோகிலாவின் கல்யாணத்தில் மறுபடி என்னால் ஒரு குறை வரக் கூடாது என்று சொன்னேனா? இல்லை, அந்த மெடிக்கல் ஷாப்காரன் கையில் அது கருத்துப் போகட்டும் என்று சொன்னேனா? பஸ் ஏறினதிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றும் தெரிகிறது. எது எத்தனை சதவீதம் என்று தெரியவில்லை. நீங்கள் முன்பின் தெரியாதவர், அதனால் சொல்கிறேன்.

அவர் வாட்ச்சை மறுபடி அந்தச் சிவந்த இடத்திலேயே கட்டிக்கொண்டார். பிளீச்சிங் பவுடர் வாளியை எடுத்தார். தொட்டிக்கு மேலே போகிற இரும்பு ஏணியில் கீழ்ப்படிகள் துருப்பிடித்து விழுந்துவிட்டன. அந்த இடத்துக்கு ஒரு மூங்கில் ஏணியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அவர் கால் வைத்ததும் அது ஒரு பக்கமாக நகர்ந்தது. ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க தம்பி, தெனமும் ஏறுறதுதான்" என்றார் பாதியிலிருந்து.

"பரவாயில்லைங்க. ஏறுங்க."

மேலே போய் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, "இன்னும் நிக்கறீங்களா? ரெண்டு மணி பஸ்ஸு போயிரும், கிளம்புங்க" என்று கத்தினார்.

"நீங்க இறங்குங்க, போறேன்" என்றேன்.

கலக்கிவிட்டு இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி பஸ் போய்விட்டது. அதனால்தான் அண்ணே இந்த பஸ்ஸில் வருகிறேன்.